மாட்டுக்கு 33 டாலர், ஏக்கருக்கு 15 டாலர்... கொரோனா நிவாரணம் அமெரிக்க விவசாயிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

வாசகர் கேள்வி - பதில்

‘‘கொரோனா காலத்தில் அமெரிக்காவில் விவசாயிகளுக்கு மாட்டுக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசாங்கமே பணம் கொடுத்ததாமே, உண்மையா? நாங்கள் 3 ஏக்கர் குத்தகைக்குப் பயிர் செய்கிறோம். பட்டா நிலத்துக்காரர் பெயரில் இருப்பதால், உதவித்தொகை என்று எது வந்தாலும் எங்களுக்கு வருவதில்லை. அந்த ஊரில் குத்தகைக்காரருக்குக் கொடுத்தார்களா?’’

- வாசகி ஒருவர், ஒட்டன்சத்திரம் வட்டாரம்.

உண்மைதான். குத்தகைக்காரருக்கும் கொடுத்தார்கள். ஆனால், அந்தப் பணம் எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. யாருக்கு எளிதாகக் கிடைத்தது, யாருக்குத் தாமதமானது, யார் விட்டுப்போனார்கள் என்று பார்த்தால், இங்கே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் அதில் நிறைய உண்டு.

பாலைக் கொட்டினார்கள், பன்றியைக் கொன்றார்கள்

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்காவில் பள்ளிகளும் உணவகங்களும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அந்த நாட்டில் பாலும் வெண்ணெயும் உருளைக்கிழங்கும் பெருமளவு அந்த வழியாகத்தான் விற்பனையாகும். வீட்டுக்கான சிறு பாக்கெட் போடும் ஆலை வேறு, பள்ளிக்கும் உணவகத்துக்கும் மொத்தமாக அனுப்பும் ஆலை வேறு. ஒன்றை மற்றொன்றாக ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. கடையில் பால் தட்டுப்பாடு. பண்ணையில் பாலைத் தரையில் கொட்டினார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.

அடுத்து இறைச்சி ஆலைகள். தொழிலாளர்களுக்குத் தொற்று பரவியதால், சவுத் டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில் இருந்த பெரிய பன்றி இறைச்சி ஆலை ஏப்ரலில் மூடப்பட்டது. வேறு மாநிலங்களிலும் பல ஆலைகள் அடுத்தடுத்து நின்றன. ஆலை நின்றாலும், பண்ணையில் பன்றி வளர்வது நிற்காது. இடமும் இல்லை, வாங்க ஆளும் இல்லை என்ற நிலையில் பன்றிகளைக் கொன்று புதைத்த பண்ணைகள் உண்டு. கறிமாட்டின் விலையும் சரிந்தது.

இந்த நிலையில்தான் அமெரிக்க விவசாயத் துறை, ‘கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம்’ என்ற ஒன்றை 2020 ஏப்ரல் 17 அன்று அறிவித்தது. மொத்தம் 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாக. 300 கோடி, விளைபொருளை வாங்கிப் பெட்டி பெட்டியாக ஏழைக் குடும்பங்களுக்கு வழங்க. மே 26 முதல் மனு வாங்கினார்கள். அது போதவில்லை என்று செப்டம்பரில், 1,400 கோடி டாலர் வரை தருவதாக இரண்டாம் சுற்று அறிவிக்கப்பட்டது. அதற்கு டிசம்பர் 11 வரை அவகாசம். 2021-ல் புதிய அரசு வந்ததும் அதே இரண்டாம் சுற்றுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் 12 வரை மறுபடியும் மனு வாங்கியது. இரண்டு சுற்றிலும் சேர்த்துச் சுமார் 3,100 கோடி டாலர் போனது. அன்றைய மதிப்பில் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

2020-ம் ஆண்டில் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்தது 4,500 கோடி டாலருக்கு மேல். அந்த ஆண்டு அந்நாட்டு விவசாயத்தின் நிகர வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக அரசுப் பணமே இருந்தது.

பணம் எந்த வாசல் வழியாக வந்தது?

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே ‘கவுன்டி’ என்று ஒரு நிர்வாகப் பிரிவு உண்டு. நம் மாவட்டம் மாதிரி. விவசாயம் நடக்கும் பெரும்பாலான கவுன்டிகளுக்கு ‘ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி’ என்ற துறையின் அலுவலகம் இருக்கிறது. விதிகளை வாஷிங்டனில் போட்டாலும், மனு வாங்குவதும் பதிவேட்டைப் பார்ப்பதும் இந்தக் கவுன்டி அலுவலகம்தான். அதற்கு மேல் ஒரு கமிட்டி. அதில் 3 முதல் 11 பேர். அவர்களை அந்த வட்டார விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1930-களிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது.

கொரோனா நேரத்தில் இந்த அலுவலகங்களுக்குள் ஆட்களை விடவில்லை. போன் செய்து நேரம் வாங்க வேண்டும்; படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம், அல்லது வாசலில் வைத்த பெட்டியில் போடலாம். முதல் சுற்றின் கடைசித் தேதியைத் தள்ளிப்போட்டதற்கும், முதல்முறை மனுப் போடுபவர்களுக்கென்று தனியாகத் தொலைபேசி மையம் வைத்ததற்கும் இந்தச் சிரமங்கள் ஒரு காரணம்.

விவசாயி கொடுக்க வேண்டியது என்ன? முதன்மையான படிவம் ஒன்று. அதோடு, வருமான வரம்புக்கான உறுதிமொழி, பண்ணை யார் நிர்வாகத்தில் நடக்கிறது என்ற விவரம், வங்கிக் கணக்கு விவரம். முன்பே அந்த அலுவலகத்தில் பதிவு வைத்திருந்த சோள, சோயா விவசாயிக்கு இதில் பெரும்பாலானவை கோப்பில் தயாராக இருந்தன. அலுவலக வாசலையே மிதிக்காத காய்கறி விவசாயி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உதவி என்று வரும்போது பழைய பதிவுக்கு இருக்கும் மதிப்பு இங்கேதான் தெரியும்.

ஒரு கவுன்டி, இரண்டு விவசாயிகள், ஒரு கணக்கு

நெப்ராஸ்கா மாநிலத்தில் ‘செர்ரி கவுன்டி’ என்று ஒன்று இருக்கிறது. பரப்பு சுமார் 6,000 சதுர மைல். தமிழ்நாட்டின் மிகப்பெரிய மாவட்டத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. ஆனால், 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 5,500 பேர்தான். ‘சேண்ட்ஹில்ஸ்’ என்ற மணல்மேட்டுப் புல்வெளி அது. கறிமாட்டுப் பசுக்களின் எண்ணிக்கையில் அந்நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் கவுன்டி. மனிதரைவிட மாடுகள் பல மடங்கு அதிகம்.

இப்படிப்பட்ட கவுன்டியில் நிவாரணம் எப்படி வேலை செய்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் இரண்டு விவசாயிகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவர்கள். தொகைகள் மட்டும் அரசு அறிவித்த உண்மையான விகிதங்கள்.

இருவரிடமும் 600 பவுண்டுக்கு, அதாவது சுமார் 272 கிலோவுக்குக் குறைவான 60 கன்றுகள். முதலாமவர் ஏப்ரல் 14 அன்று விற்றார். இரண்டாமவர் விலை ஏறுமா என்று பொறுத்துப் பார்த்து, மே 10 அன்று விற்றார்.

முதல் சுற்று விதிப்படி, 2020 ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற இந்த வகைக் கன்று ஒன்றுக்கு 102 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கையிருப்பில் இருந்த மாடு ஒன்றுக்கு 33 டாலர். எனவே முதலாமவருக்கு 60 × 102 = 6,120 டாலர். இரண்டாமவருக்கு 60 × 33 = 1,980 டாலர். வித்தியாசம் 4,140 டாலர். இத்தனைக்கும் காரணம் ஒரு தேதி.

ஏன் இப்படி? பணம் இரண்டு உண்டியலிலிருந்து வந்தது. 102 டாலர், கொரோனா நிவாரணத்துக்காக நாடாளுமன்றம் மார்ச் மாதம் போட்ட சட்டத்தின் பணம். ஏப்ரல் 15 வரை ஏற்கெனவே நடந்துவிட்ட விலைச் சரிவுக்கு ஈடு. 33 டாலர், விவசாயத் துறையின் கையிலிருந்த வேறு நிதி. இனி வரப்போகும் நஷ்டத்துக்கு உதவி. சட்டப்படி இது சரி. ஆனால், ஆலைகள் மூடி மாடு தேங்கி நின்றது ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும்தான். அடி அதிகம் வாங்கிய நேரத்துக்குத் தொகை குறைவு. மாடு வளர்ப்போர் சங்கங்கள் இதைச் சுட்டிக்காட்டிப் புகார் சொன்னதில் நியாயம் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. இரண்டாம் சுற்றில், ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான காலத்தில் கையிருப்பில் இருந்த மாடுகளுக்கு, இனப்பெருக்க மாடுகள் நீங்கலாக, ஒன்றுக்கு 55 டாலர் கொடுத்தார்கள். இரண்டாமவரின் 60 கன்றுகளும் இதில் வரும்: 3,300 டாலர். 2021 ஏப்ரலில், முதல் சுற்றில் மனுப் போட்டவர்களுக்குக் கூடுதல் தொகை கொடுத்தார்கள். இந்த வகைக் கன்றுக்கு 7 டாலர் வீதம் 420 டாலர். ஆக, இரண்டாமவருக்கு மொத்தம் 1,980 + 3,300 + 420 = 5,700 டாலர். முதலாமவர் வாங்கிய 6,120-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு வருடம் ஆனது, அவ்வளவுதான்.

ஆனால், இதில் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. 420 டாலர், முதல் சுற்றில் மனுப் போட்டவருக்கு மட்டும். புது மனு கேட்காமல், பழைய மனுவை வைத்தே கணக்கில் போட்டார்கள். ‘33 டாலருக்கு யார் அலைவது’ என்று முதல் சுற்றில் சும்மா இருந்தவருக்கு அந்தக் கூடுதல் தொகை இல்லை. இரண்டாம் சுற்று 55 டாலருக்கும் தனியாக மனுப் போட்டிருக்க வேண்டும். சிறிய தொகைதானே என்று முதல் மனுவை விட்டுவிட்டால், அடுத்து வருவதும் போய்விடும். எந்த ஊருக்கும் பொருந்தும் விதி இது.

பாலுக்கும் மக்காச்சோளத்துக்கும் காய்கறிக்கும்

பால் பண்ணைக்கு, 2020-ன் முதல் மூன்று மாத உற்பத்தியை வைத்து, இரண்டு நிதியையும் சேர்த்து 100 பவுண்டு பாலுக்குச் சுமார் 6 டாலர் 20 சென்ட் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் கிலோவுக்குச் சுமார் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

மக்காச்சோளத்துக்கு இரண்டாம் சுற்றில் கணக்கு வேறு. அந்த விவசாயியின் பதிவான சராசரி விளைச்சலில் 40 விழுக்காட்டுக்கு, புஷலுக்கு 58 சென்ட். ஏக்கருக்கு 170 புஷல் எடுப்பவருக்கு 170 × 0.40 × 0.58 = 39 டாலர் 44 சென்ட். விளைச்சல் குறைவாக இருந்தாலும் ஏக்கருக்கு 15 டாலருக்குக் குறையாது. பின்னர் 2021-ல் இதற்கு மேல் ஏக்கருக்கு 20 டாலர் சேர்த்தார்கள்.

சிறு விவசாயிக்கு உண்மையில் உதவியது இரண்டாம் சுற்றில் வந்த இன்னொரு மாற்றம். முதல் சுற்றில் காய்கறி, பழங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம், தனி விதி. பல பயிர்கள் பட்டியலில் ஆரம்பத்தில் இல்லவே இல்லை. 20 வகைக் காய் போட்டு வாரச் சந்தையில் விற்பவர் எதை எழுதுவார்? இரண்டாம் சுற்றில் இதை எளிமையாக்கினார்கள். 2019-ல் மொத்தம் எவ்வளவுக்கு விற்றீர்கள்? 50,000 டாலருக்குள் என்றால் அதில் 10.6 விழுக்காடு. விற்பனை கூடக் கூட விழுக்காடு படிப்படியாகக் குறையும்; 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 8.8 விழுக்காடு. 30,000 டாலருக்குக் காய்கறி விற்றவருக்கு 3,180 டாலர். ஒரே கேள்வி, ஒரே கணக்கு. ஆனால், ‘30,000-க்கு விற்றேன்’ என்று காட்ட அவரிடம் சீட்டு இருக்க வேண்டும்.

குத்தகைக்காரர் விஷயம்

இப்போது வாசகியின் முக்கியமான கேள்விக்கு வரலாம். அமெரிக்க விவசாய நிலத்தில் சுமார் 40 விழுக்காடு வாடகைக்கோ குத்தகைக்கோ ஓடும் நிலம். எனவே, நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் உதவி என்று வைத்திருந்தால், உழுபவர்களில் பெரும்பகுதிக்குப் போயே சேர்ந்திருக்காது.

அங்கே வைத்த விதி இதுதான்: பயிரிலோ கால்நடையிலோ நஷ்டம் வந்தால் அதைத் தாங்கப்போவது யார்? அவருக்கே உதவி. ரொக்கக் குத்தகை வாங்கும் நிலத்துக்காரருக்கு, மழை பெய்தாலும் பொய்த்தாலும் குத்தகைப் பணம் வந்துவிடுகிறது. எனவே அவருக்கு இந்த நிவாரணத்தில் பங்கு இல்லை. முழுத் தொகையும் குத்தகைக்காரருக்கு. வாரக் குத்தகை என்றால், விளைச்சலை எந்த விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்களோ அதே விகிதத்தில் இருவருக்கும்.

நம் பி.எம். கிசான் திட்டம் வேறு அடிப்படையில் ஓடுகிறது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் 2,000 ரூபாய்த் தவணையை முன்கூட்டியே விடுவித்தார்கள். அளவு சிறியதானாலும் வேகமாகக் கணக்குக்கு வந்தது. பட்டியல் முன்பே தயாராக இருந்ததால் அது முடிந்தது. ஆனால், பட்டியல் என்பது நிலம் சொந்தமாக உள்ள குடும்பங்களின் பட்டியல். குத்தகைக்கு உழுபவர் அதில் வரமாட்டார். வாசகியின் வருத்தத்துக்கு மூலகாரணம் இதுதான்.

நில ஆவணச் சிக்கல் அங்கும் இருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் பலவற்றில், தாத்தா பெயரிலேயே இருக்கும் பாகம் பிரிக்காத நிலம் நிறைய உண்டு. நம் ஊர்க் கூட்டுப் பட்டா மாதிரி. பத்திரம் தெளிவாக இல்லாததால் கவுன்டி அலுவலகத்தில் பண்ணை எண் வாங்குவதே அவர்களுக்கு நெடுங்காலமாகக் கடினம். 2018 விவசாயச் சட்டம்தான் மாற்று ஆவணங்களை ஏற்கலாம் என்று வழி திறந்தது. அதோடு, கடன் கொடுப்பதில் அவர்களைப் பாகுபாடாக நடத்தினார்கள் என்ற வழக்கு 1999-ல் பெரிய சமரசத் தீர்வில் முடிந்திருந்தது. அந்தப் பழைய கசப்பினால் அலுவலகத்துக்குப் போகவே தயங்கியவர்கள் உண்டு. 2021 மார்ச்சில் விவசாயத் துறைச் செயலர் டாம் வில்சாக் ஒரு பேட்டியில், கொரோனா நிவாரணத்தில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 0.1 விழுக்காடு அளவுதான் என்று ஒப்புக்கொண்டார். உற்பத்திக்குத் தக்க பணம் என்று வைத்தால், நிலமும் மந்தையும் அதிகம் உள்ளவருக்கே அதிகம் போகும். முன்பே பின்தங்கியவர் மேலும் பின்தங்குவார்.

பெரிய பண்ணைக்கு வரம்பு இல்லையா என்றால், இருந்தது. ஒருவருக்கு ஒரு சுற்றுக்கு 2.5 லட்சம் டாலர். மூன்று பங்குதாரர்கள் உண்மையிலேயே உழைக்கும் கம்பெனிப் பண்ணைக்கு 7.5 லட்சம் வரை. அந்த வரம்பு சிறு விவசாயியின் கண்ணுக்கு எட்டாத உயரம்.

‘‘எங்கள் பகுதியில் பெரும்பாலும் ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்புதான். கொட்டகை எங்களுடையது, குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. அமெரிக்காவில் இதே முறை என்கிறார்கள். அங்கே வளர்ப்பவருக்கு நிவாரணம் கிடைத்ததா?’’

- வாசகர் ஒருவர், பல்லடம்.

முதலில் கிடைக்கவில்லை. நஷ்டத்தைத் தாங்குபவருக்கு உதவி என்ற அதே விதி, குத்தகைக்காரருக்குக் கை கொடுத்தது. ஒப்பந்தக் கோழி வளர்ப்பவரைக் கைவிட்டது. கோழி கம்பெனியுடையது, விலை சரிந்தால் நஷ்டம் கம்பெனிக்கு என்பது கணக்கு. ஆனால், ஆலை வேகத்தைக் குறைத்தபோது கம்பெனி அடுத்த பேட்ச் குஞ்சைத் தள்ளிப்போட்டது. கொட்டகை காலி. வளர்ப்புக் கூலி இல்லை. கொட்டகைக்கு வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை.

2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில்தான் ஒப்பந்த வளர்ப்பாளர்களைச் சேர்த்தார்கள். அதற்கான விரிவான விதிகள் வர 2021 ஆகஸ்ட் ஆனது. 2019-ன் வருமானத்தோடு 2020-ன் வருமானத்தை ஒப்பிட்டு, குறைந்த தொகையில் 80 விழுக்காடு வரை என்பது கணக்கு. இதற்கும் இரண்டு வருடக் கம்பெனிக் கணக்குச் சீட்டு வேண்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் கம்பெனி கொடுக்கும் கூலிக் கணக்கை ஃபைலில் போட்டு வைப்பது, பல்லடமானாலும் அமெரிக்காவானாலும் அவசியம்.

‘‘அவரவர் சொன்னதை நம்பிப் பணம் கொடுத்தார்கள் என்றால், அங்கே ஏமாற்று நடக்கவில்லையா?’’

- வாசகர் ஒருவர், விருத்தாசலம்.

நடந்தது. வேகம் வேண்டும் என்றால் சரிபார்ப்பைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். உணவு உதவித் திட்டத்தில் விவசாயி தன் கையிருப்பைத் தானே உறுதி செய்து கையெழுத்துப் போட்டால் போதும்; ஆவணத்தைக் கேட்டால் காட்ட வேண்டும். பின்னால் சில மனுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். இந்தச் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022 செப்டம்பர் அறிக்கையில் சொன்னது.

பெரிய ஓட்டை வேறு திட்டத்தில் இருந்தது. சிறு தொழில்கள் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தாமல் இருக்க, வங்கி வழியாகக் கடன் கொடுத்து, விதிப்படி செலவழித்தால் தள்ளுபடி செய்யும் திட்டம் அது. தனியாகப் பண்ணை நடத்தும் விவசாயியும் வாங்கலாம். முதலில் நிகர லாபத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். டிராக்டர் தேய்மானம் கழித்தால் பல விவசாயிகளுக்கு லாபமே வராது, அதனால் கடனும் வராது. 2020 டிசம்பர் சட்டம் இதை மொத்த வருமானத்துக்கு மாற்றியது. அதிகபட்சம் 20,833 டாலர். உண்மையான சிறு விவசாயிகளுக்கு இது பெரிய உதவி. ஆனால், அதே வாசல் வழியாக இல்லாத பண்ணைகளும் நுழைந்தன. நியூ ஜெர்சி மாநிலத்தின் கடற்கரை ஊர்களில், வீடுகளைத் தவிர வேறெதுவும் இல்லாத முகவரிகளில் பண்ணை இருப்பதாகக் காட்டிக் கடன் வாங்கியதைப் பத்திரிகையாளர்கள் 2021-ல் கண்டுபிடித்து எழுதினார்கள். கவுன்டி அலுவலகம் மாதிரி ஊரைத் தெரிந்த ஆள் பார்த்திருந்தால், கடல் மணலில் பண்ணையா என்று கேட்டிருப்பார். இணையத்தில் வந்த மனுவுக்கு அந்தக் கண் இல்லை.

நமக்கும் இது புதிதல்ல. அதே 2020-ல், தமிழ்நாட்டில் பி.எம். கிசான் பட்டியலில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்களைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்தது; சி.பி.சி.ஐ.டி விசாரணை நடந்தது. இதில் விவரம் தெரியாமல் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் இடைத்தரகரிடம் கொடுத்தவர்களும் சிக்கினார்கள். பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. அறிமுகம் இல்லாதவர் ‘கொரோனா பணம் வாங்கித் தருகிறேன்’ என்று கேட்டாலும், வேறு எந்தப் பெயரில் கேட்டாலும், அந்தப் புத்தகத்தைக் கொடுக்கக் கூடாது.

அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. விவசாய மானியத்தை யார், எவ்வளவு வாங்கினார் என்ற விவரம் பொதுத் தகவல். கவுன்டி வாரியாக யாரும் பார்க்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு எவ்வளவு வந்தது என்பது ஊருக்கே தெரியும்போது, பொய்க் கணக்கு எழுதக் கை கொஞ்சமாவது நடுங்கும்.

‘‘அடுத்த முறை இப்படி ஒரு கஷ்டம் வந்தால், உதவி கைக்கு வர இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?’’

- வாசகி ஒருவர், முசிறி.

அமெரிக்க அனுபவத்தில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான். நஷ்டம் எல்லோருக்கும் வந்தது. நஷ்டத்தைக் காகிதத்தில் காட்ட முடிந்தவருக்கு முதலில் உதவி வந்தது. செய்ய வேண்டியவை இவை:

அடங்கல்: ஒவ்வொரு பருவத்திலும் பயிர் போட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்து, நகல் வாங்கி வையுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும், வெள்ள, வறட்சி நிவாரணத்துக்கும் அடிப்படை இதுதான். நிலத்தில் நிற்கும் பயிரும் அடங்கலில் உள்ள பயிரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குத்தகைப் பதிவு: வாய்வார்த்தைக் குத்தகைக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. குறைந்தபட்சம் எழுத்தில் ஓர் ஒப்பந்தம், குத்தகை கொடுத்ததற்கு ரசீது. சொந்தமாக உழைத்துப் பயிர் செய்யும் குத்தகைதாரர், 1969-ம் ஆண்டுத் தமிழ்நாடு குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி வருவாய்த் துறையில் பதிவு செய்ய மனுக் கொடுக்கலாம். நிலத்துக்காரர் பயப்படுவார் என்பதும், அதைச் சொல்லி நிலத்தையே திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று குத்தகைக்காரர் தயங்குவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அதனால், நல்ல உறவு இருக்கும்போதே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது நல்லது. சண்டை வந்தபிறகு எழுத முடியாது.

கூட்டுப் பட்டா: அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்து அனுபவித்தாலும், பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தால் உதவி எதுவும் எளிதில் வராது. வாரிசுச் சான்று, உட்பிரிவு, பட்டா மாறுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக முடியுங்கள்.

விற்பனைச் சீட்டு: மண்டிச் சீட்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூட ரசீது, பால் சொசைட்டி அட்டை, எடைச் சீட்டு எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு ஃபைல் என்று போட்டு வையுங்கள். மண்டிச் சீட்டில் மை மங்கிவிடும். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். உழவர் சந்தையில் சில்லறையாக விற்பவர்கள், ஒரு நோட்டில் தேதி, காய், எடை, தொகை என்று நான்கு பத்தி போட்டு எழுதினால் போதும்.

கால்நடை: மாட்டுக்குக் காதில் 12 இலக்க எண் உள்ள வில்லை போட்டு, அந்த எண்ணையும் கன்று ஈன்ற தேதி, விற்ற தேதியையும் குறித்து வையுங்கள். ஒரு தேதியால் 60 கன்றுக்கு 4,140 டாலர் வித்தியாசம் வந்த கணக்கை மேலே பார்த்தோம்.

வங்கிக் கணக்கு: ஆதார் இணைப்பு, பெயரில் எழுத்துப் பிழை, பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு. இந்த மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

ஒட்டன்சத்திரம் வாசகிக்கு இன்னும் ஒரு வார்த்தை. குத்தகைக்கு உழுபவருக்கும் உதவி கிடைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. 3 ஏக்கர் குத்தகைக்காரர் நஷ்டப்பட்டதை எந்தப் பதிவேடும் காட்டவில்லை என்றால், கோரிக்கை வைத்தாலும் அதிகாரிகள் கையில் பட்டியல் இருக்காது. இந்தப் பருவத்து அடங்கலில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் குடும்பத்தின் பெயர் இல்லையென்றால், தொடங்க வேண்டிய இடம் அதுதான்.